மேலே மூடி, கீழே நெருப்பு

கார்பன் வரியின் நியாயம் எளிமையானது: புகை விடுகிறவர் அதற்கான விலையைக் கொடுக்கட்டும். பொறியாளனாக எனக்கு இது பிடிக்கும். கணக்கில் விடுபட்ட செலவை உள்ளே கொண்டுவருவது நேர்மைதானே? 2026க்குள் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கார்பன் வரி என்று 2025 பட்ஜெட்டில் மலேசிய அரசு அறிவித்தபோது, 'விவசாயி தப்பிச்சாரு' என்றார் நண்பர்.

அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, டிராக்டர் டீசலில் ஓடுகிறது. எரிபொருள் விலை ஏறினால் வயலில் என்ன ஆகும் என்பதற்கு ஒத்திகையும் நடந்துவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. அது மானியக் குறைப்பு, கார்பன் வரி அல்ல. ஆனால் காசு கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கு அப்போது மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தேன்: சுமார் 166 லிட்டரின் கூடுதல் செலவுக்குத்தான் அது காணும். அதற்கு மேல் கைக்காசு.

எஃகு ஆலை வரியில் ஒரு பங்கையாவது விலையில் ஏற்றிவிடலாம். செபராங் பிறையில் நெல் போடுபவர் என்ன செய்வார்? உள்ளூர் வெள்ளை அரிசிக்குக் கிலோ 2.60 ரிங்கிட் என்று அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது. மேலே மூடி, கீழே நெருப்பு.

அதற்காக 'விவசாயியை விட்டுடுங்க' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. நீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் விடுகிறது. வெள்ளமும் வறட்சியும் வந்தால் அடிபடுவதும் அதே வயல்தான்.

விலை என்பது உண்மையில் ஒரு கேள்வி: 'வேறு மாதிரி செய்வீர்களா?' வேறு வழியே இல்லாதவரிடம் கேட்டால் அது தண்டனை. வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும். ஆனால் வாய்க்கால் தண்ணீர் எப்போது வரும் என்பது அவர் கையிலா இருக்கிறது? டென்மார்க் 2030 முதல் கால்நடைகளுக்கு வரி போட முடிவெடுத்தபோது, விவசாயிகள் அமைப்பும் பேச்சுவார்த்தையில் இருந்தது. பெரும் வரிக்கழிவும் கிடைத்தது. முதலில் வழி, பிறகு வரி. இந்த வரிசை மாறினால் நல்ல நோக்கமும் அநியாயமாகிவிடும்.

அந்த வழிக்கு யார் பணம் தருவது? பாயான் லெப்பாஸில் ஏசி அறையில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள்தான் என்று நினைக்கிறேன். நாசி கண்டார் தட்டில் ஐம்பது சென் ஏறினால் நம்மால் தாங்க முடியும். ஏறினால் முணுமுணுக்காமல் கொடுப்போமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.