திறவாப் பூட்டும் திருவருளும்

சாவியின்றிப் பூட்டைத் திறக்கப் பழகும் புதியவர், உள்ளிருக்கும் ஊசிகள் ஒவ்வொன்றாக உரிய மட்டத்திற்கு உயரும்வரை பொறுக்காமல் உருளையை அழுத்தித் திருப்பினால், அவ்வூசிகளே இறுகித் திறப்பைத் தடுத்துவிடுகின்றன. முயற்சியே தடையாகும்போது திறப்பது யார் என்னும் வினா சைவத்திற்குப் பழையது. வேதங்கள் பூசித்து அடைத்ததாகச் சொல்லப்படும் திருமறைக்காட்டுக் கதவு, அப்பர் பதிகம் பாடியும் தாமதித்தே திறந்ததாகவும், சம்பந்தர் பாடியதும் உடனே அடைத்துக்கொண்டதாகவும், அவ்வேறுபாடு அப்பரை வருத்தியதாகவும் பெரியபுராணம் விவரிக்கிறது. இத்தகைய தாமதத்தை விளக்கும் சைவ சித்தாந்தம், உயிரைப் பிணித்த ஆணவ மலம் கழலுதற்குரிய பக்குவத்தை மலபரிபாகம் என்கிறது. அதுவரை திருவருளே திரோதானம் என்னும் மறைப்பாற்றலாக நின்று, உயிரை வினைப்பயன் நுகரச்செய்து பக்குவப்படுத்துகிறது. ஆகவே தாமதத்தை அருளின்மையாகக் கொள்வது பொருந்தாது. அப்பரைப் பெரியபுராணமும் கதவு திறக்கத் தாமதித்ததால் குறைத்து மதிப்பிடவில்லை.