பூசை ரசத்தின் நிறம்



சென்ற கோடையில் ஒருநாள் காலைப் பூசைக்கு முன் நம் உபதேசியார் குப்பியைத் தூக்கிக் காட்டி, "சுவாமி, ரசம் பழுப்பேறி நன்றாய் முதிர்ந்திருக்கிறது. பழையதுதானே மேன்மை?" என்றார்.

யானைக்கவுனியில் மளிகை வியாபாரி பருப்பை உள்ளங்கையில் அள்ளி வெளிச்சத்தில் புரட்டிப் பார்ப்பதுபோல, திராட்சை ரசத்தையும் கிண்ணத்தைச் சாய்த்து, வெள்ளைத் துணிக்கு எதிரே விளிம்பைப் பார்க்க வேண்டும். சிவப்பு ரசம் இளமையில் ஊதாச் சாயலாயிருந்து, வயதேறச் செங்கல் நிறமாகி வெளிறும். (நம் தலைமயிரும் அந்தக் கட்சிதான்.) வெள்ளை ரசமோ நேர்மாறு, வெளிறிப் பிறந்து, பொன்னிறமாகி, பழுப்பாய்க் கறுக்கும்.

ஆனால் காற்றுப் பட்டாலும் அதே பழுப்பு வரும். திறந்து வைத்த குப்பி, நம் ஊர் வெக்கையில், சீக்கிரமே கிழட்டு நிறம் காட்டிவிடும். கானாவூர்க் கலியாணத்தில் பந்தி விசாரிப்புக்காரன் நிறத்தைப் பார்த்தா பேசினான்? ருசி பார்த்தல்லவோ பேசினான்!

முகர்ந்தேன், காடி நெடி. பூசைக்கு உரியது திராட்சைக் கனியின் இயற்கை ரசம், அதுவும் கெட்டுப்போகாதது என்கிறது 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், 924-ஆம் பிரிவு. காடியாகிவிட்டால் பூசையே செல்லாது. அன்றோ, மரித்த மகனுக்காகக் கருத்துக் கொடுத்திருந்த தாய் ஒருத்தி முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தாள்.

அதைக் கொட்டிவிட்டு வேறு குப்பி திறந்தோம். அன்று பூசை ஏன் பத்து நிமிஷம் பிந்தியது என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். இப்போதெல்லாம் உபதேசியார், திறந்த தேதியைக் குப்பியின்மேல் எழுதி ஒட்டிவிடுகிறார்.