சைவம்தானே, சாப்பிடலாம்!

புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் கார் நிறுத்த இடம் கிடைத்துவிட்டால் அதுவே பாதிப் புண்ணியம். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறியதில் வயிறு கலங்கியவர்களுக்குக்கூட மேலே வந்ததும் பசி பிடுங்கும், மலைக்குளிர் அப்படி. மற்ற மாதங்களில் பிரியாணி வாசத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், இந்த ஒரு மாதம் மட்டும் ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகையைத் தேடுவார்கள்.

அப்படித் தேடி வந்த குடும்பம் ஒன்று ஜன்னலோர மேசையைப் பிடித்தது. அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போகும் மகள், 78 வயதுப் பாட்டி. அப்பாவுக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை. வாயைக் கட்டச் சொல்லி டாக்டர் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறார். ஆனால் புரட்டாசியில் அவருக்கு அந்தக் கவலை கிடையாது. கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுப் படி ஏறாத மாதம். “இந்த ஒரு மாசம் உடம்புக்கே லீவு” என்பது அவர் வருஷம் தவறாமல் சொல்லும் வசனம். அதைச் சொல்லிவிட்டு மெனு கார்டைக்கூடத் திறக்காமல் ஆர்டர் கொடுத்தார்: கோபி மஞ்சூரியன் இரண்டு, பட்டர் நான் ஆறு, பனீர் பட்டர் மசாலா இரண்டு, கடைசியில் எல்லோருக்கும் குலாப் ஜாமுன்.

“அம்மாவுக்கு நெய் ரோஸ்ட்” என்று அவர் ஆரம்பித்ததும் பாட்டி குறுக்கே விழுந்தார். “எனக்கு ரோஸ்ட்டெல்லாம் வேணாம். சாப்பாடே சொல்லிடு.”

சைவம் என்பது கொஞ்சம் ஏமாற்றுக்காரச் சொல். அது ஒரு சமயத்தின் பெயர். சிவனைக் கும்பிடுகிறவர்களின் உணவொழுக்கத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. புரட்டாசியில் ‘பெருமாளுக்காகச் சைவம் இருக்கிறோம்’ என்று துளியும் சிரிக்காமல் சொல்லத் தமிழர்களால் மட்டும்தான் முடியும். ஈழத்தில் இன்றும் ‘மரக்கறிச் சாப்பாடு’ என்கிறார்கள். அந்தச் சொல்லிலாவது காய்கறி இருக்கிறது. சைவம் என்ற சொல் இலையில் எது இல்லை என்று சொல்லுமே தவிர, எது இருக்கிறது என்று சொல்லாது.

முதலில் வந்தது கோபி மஞ்சூரியன். பூப்பூவாகப் பிரித்த காலிஃபிளவரை வெந்நீரில் ஒரு கொதி விட்டு, மைதாவும் சோளமாவும் இஞ்சி பூண்டு விழுதும் கரைத்த மாவில் முக்கி, காய்ந்த எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள். மொறுமொறுப்பு நிற்க வேண்டும் என்று இரண்டாம் முறை எண்ணெயில் இறக்குகிற மாஸ்டர்களும் உண்டு. பிறகுதான் வெங்காயம், சோயா சாஸ், தக்காளி சாஸ். ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூ. சுற்றிலும் எண்ணெய் குடித்த மாவு. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு இந்தப் பண்டத்தில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. நிறத்தைத் தடுக்கலாம், மைதாவை என்ன செய்ய?

இதன் பூர்வீகம் தெரிந்தால் விஷயம் இன்னும் விளங்கும். 1970களின் நடுவில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் செய்த சிக்கன் மஞ்சூரியன்தான் மூலம். பனீர் பட்டர் மசாலா, தில்லி மோத்தி மகாலில் பேர் எடுத்த பட்டர் சிக்கனுக்குச் சொந்தக்காரர். கோபி 65க்கு மூலம் சென்னை புகாரி ஓட்டலின் சிக்கன் 65. கோழியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூவையோ பனீரையோ உட்கார வைத்திருக்கிறார்கள். கோழியைச் சுற்றியிருந்த மாவு, எண்ணெய், வெண்ணெய், கிரீம் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. பனீரிலாவது 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம் புரதம் உண்டு. பூவிலோ வெறும் 2 கிராம் அளவுதான். சர்க்கரைக்காரர் கணக்கில் பார்த்தால் கோழிக்குப் பதில் பூ என்பது நஷ்ட வியாபாரம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ‘இண்டியாப்’ ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதே ஆய்வின் உணவுப் பகுதி, சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைமையில் 2025இல் வந்தது. இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த தானியம், சர்க்கரை. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் கொடுத்த வழிகாட்டலோ, தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. புரட்டாசியில் கறி போன இடத்தை யார் பிடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் பருப்பு பிடிப்பதில்லை. இன்னொரு கரண்டிச் சோறும் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் பிடிக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், ஆறு பட்டர் நான் வந்திறங்கிய இந்த மலை ஒரு காலத்தில் வேறு மாதிரி சாப்பிட்டது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபிச் செடி வைத்தார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) ராகியும் சாமையும் விதைத்தவர்கள். அவர்களின் உறவுக்காரர்கள் வாழும் கொல்லிமலையில் அந்தத் தானியங்கள் எப்படிக் குறைந்தன என்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை வாங்கத் தயாராக இருந்தன. ரேஷனில் அரிசி மலிவாகவும், 2011 முதல் இலவசமாகவும் கிடைத்தது. சாமையை உமி நீக்க உரலில் போட்டு மணிக்கணக்காகக் குத்த வேண்டும், குத்தியதெல்லாம் பெண்கள். அவர்கள் அரிசிக்கு மாறியதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோனது அந்தச் சுமையைப் பார்த்துத்தான்.

100 கிராம் சாமையில் நார்ச்சத்து 7.7 கிராம், தீட்டிய பச்சரிசியில் 2.8 கிராம். ராகியில் சுண்ணாம்புச்சத்து 360 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. அரிசியில் அது 10ஐத் தொடாது. இதைப் படித்த கையோடு ‘சிறுதானிய ஸ்பெஷல்’ பலகை வைத்த கடைக்கு ஓட வேண்டியதில்லை. மேலே சொன்ன 2025 ஆய்வே ஒரு முட்டுக்கட்டை போடுகிறது: அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிவிட்டு மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. பருப்பு, பயறு, பால் தரும் புரதம் அந்த இடத்தில் கொஞ்சம் ஏறினால்தான் குறைகிறது. நெய் ஒழுகும் ராகி ரோஸ்ட்டும் ரோஸ்ட்தான். பழைய களி உருண்டைக்குப் பக்கத்தில் கொள்ளுப் பருப்போ கீரைக் கடைசலோ கட்டாயம் இருந்தது. அந்தத் துணையை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் இன்றைய மெனு கார்டு எடுத்துக்கொண்டது.

சாதாரண ஓட்டலில் வழியே இல்லையா என்றால், உண்டு. கேட்டு வாங்க வேண்டும். ரோஸ்ட்டுக்குப் பதில் எண்ணெய் குறைந்த கல் தோசை, சாம்பார் இரண்டு கிண்ணம். மாலை டிபனில் அடை இருந்தால் அதற்கு நிகர் இல்லை. மூன்று நான்கு பருப்பு அரைத்த மாவு. வடக்கத்தி மெனுவில் வெண்ணெய் தடவாத தந்தூரி ரொட்டி, சன்னா அல்லது தால், வெங்காயத் தயிர்ப் பச்சடி. ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியை விடச் சொன்னால் ஏற்காடு வந்ததற்கே அர்த்தமில்லை, ஒன்றோடு நிறுத்தலாம்.

பாட்டிக்குச் சாப்பாடு வந்தது. நடுவில் மலை போலச் சோறு. ஓரத்தில் சாம்பார், ரசம், கூட்டு, மோர். சிமிழ் மாதிரிச் சின்னக் கிண்ணத்தில் மேராக்காய்ப் பொரியல். நாலு வாயில் முடிந்துவிடும். பாட்டி முதல் வேலையாகச் சோற்றில் பாதியை ஒரு தட்டில் தள்ளி ஓரமாக வைத்தார்.

“ஏஞ்சாமி, இந்தப் பொரியல் இன்னும் கொஞ்சம் வெக்கிறியா?”

பரிமாறிய பையன் ஒடிசாக்காரன். கற்றுக்கொண்ட தமிழில், “பாட்டி, ரைஸ் அன்லிமிட்டெட்” என்றான்.

“அது தெரியுஞ்சாமி. பொரியல் அன்லிமிட்டெட்டா?”

அவன் கல்லாப் பக்கம் பார்த்தான். கல்லாவில் இருந்தவர் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். பையன் ஆமாம் என்றே கொண்டு, உள்ளே போய் வாளியோடு வந்தான். இரண்டு கரண்டி பொரியல், கேட்காமலே இன்னொரு கரண்டி கூட்டு. வாளி திரும்பிப் போவதற்குள் அப்பா, பாதி தின்ற நானை ஒதுக்கிவிட்டுத் தன் தட்டையும் நீட்டினார்.

குலாப் ஜாமுனை யாரும் ரத்து செய்யவில்லை.