ஐந்து நிமிட வேலை

சென்ற வருஷம் பொங்கல் நோம்பிக்கு, ராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தங்கை ஒரு வார்த்தை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அது சிரிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை.

"பையன் வந்து ரெண்டு நாள் ஆச்சுங்கண்ணா. முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசலை. பின்னங்கழுத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கிறேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அவள் மகன், கூடத்துத் தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி மூன்று லாப்டாப்புகள் திறந்து கிடந்தன. ஒன்று பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. இன்னொன்றில் அவன் சித்தப்பாவின் கோழிப்பண்ணைக் கணக்கு இருந்தது. மூன்றாவது, 2011-ல் அரசாங்கம் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எதிர்வீட்டுப் பெண் வாங்கியது. அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள்; அவள் தம்பி அதை எப்படியாவது உயிரோடு வைத்திருக்க ஆசைப்பட்டான்.

போகிக்கு முந்தின இரவு பஸ் ஏறி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று தூங்காமல் வந்து இறங்கிய பிள்ளை அவன். வந்து பல் துலக்குவதற்குள் முதல் லாப்டாப் வந்துவிட்டதாம்.

நான்காவது ஒன்று என் தோள்பையில் இருந்தது. அதை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தது உண்மை; எடுத்ததும் உண்மை.

"ஐந்து நிமிஷ வேலைதான், கண்ணு" என்றேன்.

நான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் ஏழு அத்தியாயங்கள் அதற்குள் இருந்தன. பத்து நாளாகத் திறக்க மறுத்தன. பையன் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து அவற்றை மீட்டுக் கொடுத்தான். காலையில் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை அவன் கையில் வைத்தேன். அவன் முகம் வாடிவிட்டது. "என்னங்க மாமா, என்னைக் கடைக்காரன் ஆக்கிட்டீங்க?" என்று நோட்டுகளைத் திருப்பி என் கையிலேயே வைத்தான். அவை மறுபடியும் என் சட்டைப்பைக்குள் போனபோது என் மனத்துக்குள் ஒரு சிறிய நிம்மதி உண்டாயிற்று. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்ற நிம்மதி அல்ல. கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி. கொடுக்க நான் தயார், வாங்க அவன் தயார் இல்லை. இனி என்மேல் குற்றம் இல்லை! இந்த நிம்மதி நேர்மையானதுதானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் சேஸிஸாக வருகிற வண்டி எத்தனை கைகள் மாறி லாரியாக வெளியே போகிறது! மரவேலைக்கு ஒருவர், வெல்டிங்குக்கு ஒருவர், தகரவேலைக்கு ஒருவர், விளக்குக்கும் ஒயருக்கும் ஒருவர், பெயிண்ட் அடித்துப் பூவும் மயிலும் எழுத ஒருவர். கியர்பாக்ஸ் முனகுகிறது என்று பெயிண்டரிடம் போய் நிற்பவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அந்த வண்டிக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்தால் மட்டும் எல்லாம் ஒரே தொழில் என்று நினைத்துவிடுகிறோம். என் தங்கை மகன் உண்மையில் செய்யும் வேலை, ஒரு வங்கியின் கணக்குகள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தப்பில்லாமல் போய்ச் சேருகின்றனவா என்று சோதிப்பது. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நம்மைப் போலவே அவனும் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். நமக்குப் பயம் இருக்கிறது, அவனுக்கு இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். போதாததற்கு, ஒருமுறை அவன் தொட்டுவிட்டால் அந்தப் பெட்டிக்கு ஆயுள் முழுவதும் அவன்தான் பொறுப்பு. ஆறு மாதம் கழித்து அது கெட்டாலும், "நீ கை வைத்த பிறகுதான் தம்பி இப்படி ஆயிற்று" என்பார்கள்.

இதற்காகக் கேட்கிறவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்று பென்ஷன், பட்டா, பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகின்றன. எழுபது வயதில் அது கண்ணை மூடிக்கொண்டால் அந்த ஆசிரியர் என்ன செய்வார்? முன்பின் தெரியாத கடைக்காரரிடம் கொடுக்கவும் அவருக்குத் தயக்கம். மகன் எழுதிய கோபமான கடிதமும், பேங்கு அனுப்பிய நோட்டீசும், மனைவியின் கடைசிப் படமும் அதற்குள் இருக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளையிடம் கொண்டுவருவதில் சோம்பல் மட்டும் இல்லை; நம்பிக்கையும் இருக்கிறது. வைத்தியரிடம் நாடியைக் காட்டுவது போன்ற நம்பிக்கை அது.

ஆனாலும் "ஐந்து நிமிஷ வேலை" என்று சொன்னேனே, அந்தச் சொல்லில்தான் தவறு ஒளிந்திருக்கிறது. நானும் அந்தச் சொல்லால் அடிபட்டவன். கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், கோயிலுக்குக் கும்பாபிஷேகப் பத்திரிகை, கலெக்டருக்கு மனு என்று என்னிடம் வராதவர் இல்லை. "உங்களுக்கு என்னங்க, பேனாவை எடுத்தால் கொட்டும்" என்பார்கள். ஒருமுறை ஒருவரின் ஓய்வுக்கால விழாவுக்கு மூன்று நாள் உட்கார்ந்து வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தேன். அதை அச்சடித்தவருக்குக் கூலி கொடுத்தார்கள்; சட்டம் போட்டவருக்குக் கூலி கொடுத்தார்கள்; கண்ணாடிக்கும் ஆணிக்கும்கூடக் கொடுத்தார்கள். அன்று எனக்கு வந்த மனத்தாங்கலை அந்தக் கூடத்தில் அடியோடு மறந்து போனேன். அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்பதற்கு உலகத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை.

1878-ல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. தம் படத்தை இழித்து எழுதினார் என்று ரஸ்கின் என்ற பெரிய விமரிசகர்மேல் விஸ்லர் என்ற ஓவியர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். "இரண்டு நாள் வேலைக்கா இருநூறு கினி கேட்கிறீர்?" என்ற பொருளில் எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவுக்காகக் கேட்பதாக ஓவியர் பதில் சொன்னார். வழக்கு அவர் பக்கம்தான் தீர்ந்தது. ஆனால் நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரு பென்னியில் கால்பங்கு பெறும் ஒற்றைக் காசு! அந்த ஜூரிகளும் நம் சொந்தக்காரர்களைப் போன்றவர்கள்தாம். திறமையை ஒப்புக்கொள்வார்கள், அதற்கு மதிப்புப் போடச் சொன்னால் கை சுருங்கிவிடும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிடலாமா? அதுவும் முடியாது. தங்கை கணவருக்கு நெஞ்சு வலி வந்த நடுஇரவில் சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியவர் அந்தக் கோழிப்பண்ணைச் சித்தப்பாதான். மீட்டர் போட்டா ஓட்டினார்? உறவு என்பது கணக்குப் பார்க்காத இடம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், எங்கள் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் மொய் நோட்டு பத்திரமாக இருக்கிறது. யார் எந்தக் கல்யாணத்தில் எவ்வளவு எழுதினார்கள் என்பது இருபது வருஷமானாலும் அழியாது. ஆனால் அதில் ரூபாய் ஏறும். ராத்திரி இரண்டு மணி ஏறாது.

முன்காலத்தில் கொல்லரும் தச்சரும் வருஷம் முழுவதும் ஊர்க் கலப்பைகளைச் செப்பம் செய்து கொடுத்துவிட்டு, அறுவடையின்போது களத்தில் தானியம் பெற்றுக்கொண்டார்கள். காசு நடமாடாத அந்த ஏற்பாட்டை அழகு என்று இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படி, அளக்கிறவன் கையில் இருந்தது. 'இன்றைக்கு முடியாது' என்று சொல்லும் உரிமை கொல்லருக்கு இல்லை. பிறப்பே அவரைப் பட்டறையில் கட்டிப் போட்டிருந்தது. அதை அன்பு என்று அழைத்தால் அன்புக்கு இழுக்கு.

இந்த இடத்தில் திருவள்ளுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் பெரியவர்களிடம் சேர்ந்த செல்வத்துக்கு அவர் மூன்று உவமை காட்டுகிறார்: நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகிற மரம். கல்வி பெற்ற இளைஞனிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தானே? இலையைக் கிள்ளலாம், பட்டையை உரிக்கலாம், வேரையும் தோண்டலாம்; மரம் ஒன்றும் சொல்லாது. வெகு நாளாக நானும் அப்படித்தான் படித்துவந்தேன். இப்போது ஒன்று புலப்படுகிறது. 'நீ மருந்து மரமாக இரு' என்று வள்ளுவர் கொடுப்பவனிடம் சொன்னார். 'அது மருந்து மரம், போய் வெட்டிக்கொள்' என்று வாங்குபவனிடம் எங்கும் சொல்லவில்லை. கேட்கிறவனுக்காக அவர் எழுதிய அதிகாரங்கள் வேறு. அவற்றில் ஒன்றின் பெயரே இரவச்சம்; கேட்க அஞ்சுவது. கொடுப்பவனுக்குச் சொன்ன தர்மத்தை வாங்குகிறவன் தனக்குச் சாதகமான சட்டமாக எடுத்து வாசிக்கும்போதுதான் உதவி கொள்ளையாகிறது.

ஊருணிக்கும் ஒரு கதை உண்டு. தண்ணீர் குடிக்கிற ஊரே கூடித் தூர் வாருவதைக் குடிமராமத்து என்றார்கள். 1858-ல் சென்னை மாகாணத்தில் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்தில் உழைக்கத் தக்கவர்களைக் கட்டாயமாக அழைக்கவும், வர மறுத்தவர்களைத் தண்டிக்கவும் அது வழி செய்தது. 2010-ஐ ஒட்டிச் சேலத்தில் நகரத்து மக்கள் சிலர் ஒரு மன்றமாகக் கூடி, கன்னங்குறிச்சியை அடுத்த மூக்கனேரியைச் செப்பனிட முனைந்தார்கள். வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இரண்டும் ஏரி வேலைதான். இரண்டிலும் மண்தான் சுமந்தார்கள். ஆனால் மூக்கனேரிக்கு வந்தவர்கள் வராமலும் இருந்திருக்கலாம். அந்த 'வராமலும் இருந்திருக்கலாம்' என்பதுதான் அவர்கள் சுமந்த மண்ணுக்கு மதிப்புத் தருகிறது. மறுக்க முடிகிறவன் செய்வது உதவி. மறுக்க முடியாதவன் செய்வது, எவ்வளவு சிரித்த முகத்தோடு செய்தாலும், ஊழியம்.

இந்த உரைகல்லில் என்னை உரசிப் பார்த்தேன். அன்று என் தங்கை மகன், "இன்று வேண்டாம் மாமா, அம்மாவோடு கொஞ்சம் பேச வேண்டும்" என்று சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? "பெங்களூர் போனதும் பையனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது" என்று நினைத்திருப்பேன். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. ஆக, அன்றிரவு அவனை விழிக்க வைத்தது பாசம் மட்டும் அல்ல. என் மனத்தாங்கலுக்கு அவன் கட்டிய முன்பணமும் அதில் இருந்தது. மறுநாள் நான் நீட்டிய நோட்டு அந்தக் கடனுக்கு எப்படி ஈடாகும்?

அந்த வருஷம் தீபாவளிக்கு அவன் ஊருக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று போனில் சொன்னானாம். தங்கை அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "வேலை அங்கே இல்லீங்கண்ணா, இங்கேதான்" என்றாள்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் தறிகளிலும் வயல்களிலும் பாடுபட்டுத்தான் இந்தப் பிள்ளைகளை இஞ்சினீயர்கள் ஆக்கினார்கள். படித்த பிள்ளை ஊருக்குப் பயன்பட வேண்டும் என்று ஊர் நினைப்பதில் தவறில்லை. ஆனால் பயன்படுத்திப் பயன்படுத்தி, அவன் வருகிற பாதையையே நாம் அடைத்துவிட்டால் லாப்டாப்புகள்தாம் மிஞ்சும். பிள்ளை மிஞ்ச மாட்டான்.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே என் லாப்டாப் மறுபடியும் மக்கர் செய்தது. நாமக்கல்லில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வலித்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நோம்பியன்று தங்கை வீட்டுக்குப் போனபோது பையன் திண்ணையில் நின்றிருந்தான். முதலில் என் தோளைப் பார்த்தான். பை இல்லை. பிறகுதான் முகத்தைப் பார்த்து, "வாங்க மாமா" என்றான்.