தன்செயலறுதல் வாளாவிருத்தலாமோ

தன்செயலறுதலைச் சைவ நூல்கள் பலவிடத்தும் வற்புறுத்துகின்றன. அஃது ஒன்றுஞ் செய்யாது வாளாவிருத்தலேயோ, அதன்கண்ணும் உயிர்க்கு ஒரு முயற்சியுண்டோ என்பது ஈண்டு ஆராயப்படும். பல்லாண்டு பாடஞ்சொல்லிய எனக்கு இது தெளிந்தது, சென்ற ஆண்டிற் குப்புறக் கிடந்த ஏழு நாளிலாம்.

என் வலக்கண்ணின் விழித்திரை நடுவே சிறு துளை விழுந்தது. ஒரு சொல்லை நோக்கின் நடுவெழுத்து மறைந்து அயலெழுத்துக்களே தோன்றின. மருத்துவர் கண்ணினுள் நிறைந்த தெளிந்த பசைப்பொருளை அகற்றி, அவ்விடத்து வாயுவை நிரப்பினர். வாயு நீரினும் இலேசாகலின் மேற்செல்லும் இயல்பிற்று. துளையோ கண்ணின் பின்புறத்தது. முகம் நிலநோக்கியவழிப் பின்புறமே மேற்புறமாகலின், குமிழி துளையிற் பொருந்தி அது மூட உதவும். இச்சிகிச்சையை 1991-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கெல்லி, வெண்டெல் என்னும் இருவர் வெளியிட்டனர். சிறு துளைகட்கு இக்கிடை வேண்டாவென்பாரும் இக்காலத்துளர். என் துளை பெரிதாகலின் ஏழு நாள் விதிக்கப்பட்டது.

துணிச்சும்மாட்டின்மேல் நெற்றியூன்றிக் கிடந்தேன். கண்டன பாயின் கோரையும் வருவார் பாதமுமே. நீரைக் குழல்வழி உறிஞ்சினேன். மூன்றாமிரவிற் கழுத்துநோவு பொறாது, யாவரும் உறங்குழி, மல்லாந்து படுத்தேன். குமிழி துளையை விட்டகன்றிருக்குமே என்னும் நினைவு வந்தது. மீண்டும் குப்புறத் திரும்பினேன்.

அற்றேல், உதவியது குமிழியும் ஆறியது கண்ணுமாகலின், கிடந்தானுக்கு யாது செயலுண்டெனின், குமிழியின் தொழிலை அவன் செய்ய வல்லனல்லன். அதற்கு இடந்தந்து விலகாது நிற்றல் அவன்கண்ணதேயாம். கட்டளைக்கு அஞ்சிக் கிடந்தது பொறையாமோ எனின், காண்பாரில்லாத இரவில் தலையைத் தாழ்த்துவது அவனவன் இசைவேயன்றிப் பிறிதில்லை. அவ்விசைவும் ஒருகாற் கொடுத்தமையும் பொருளன்று; நோவு எழுந்தோறும் புதிதாகக் கொடுக்கற்பாலது.

சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரங் கூறும் இறைபணி நிற்றலும் இத்தன்மைத்தென்க. உடனாய் நின்று உதவுவது திருவருள். அதன்வழியினின்று புறம்போகாமை உயிரின் கடன். போயவழித் திரும்புதலும் அக்கடனேயாம். உவமை ஒருபுடை யொப்பென்பதை மறவற்க: வாயு சில வாரங்களிற் கரைந்தொழியும், அருள் அங்ஙனம் ஒழிவதன்று.

முன்னொருகாற் பாடங்கேட்ட மாணவரொருவர், “ஐயா, சும்மாவிருத்தல் எளிதன்றோ?” என வினவினர். “எளிதே, செய்யத்தக்கது ஒன்றுமில்லையே” என விடையிறுத்தேன். அவர் அதனை ஏட்டிலும் எழுதிக்கொண்டனர். இப்போது நடுவெழுத்துச் சற்றே வளைந்தாயினும் எனக்குத் தோன்றுகின்றது. அம்மாணவர் இதனைக் காண்பாராயின், என் பழைய விடையை அடித்துவிடுவாராக.