தவறும் பரிகாரமும்

செய்த தவற்றை நடக்காததாக ஆக்கிவிடும் வரம் ஒன்று கிடைத்தால், அதனால் மனிதன் மேலானவன் ஆவானா, கீழானவன் ஆவானா? இந்தக் கேள்வியை என்னிடம் எந்த வேதாந்தியும் கேட்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த ஒரு விளையாட்டு கேட்டது. நாற்பதைத் தாண்டிய கதாசிரியன் ஒருவன் இரவெல்லாம் பொம்மை ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தான் என்பது அவ்வளவு கௌரவமான சமாசாரம் அல்ல. ஆனால் கேள்வி கௌரவமானது. ஆகவே வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோ நகரத்தில் ஃபெலிப்பே ஃபலாங்கே என்பவர் தலைமையில் உருவாகி, 2011-இல் முதன்முதலாக வெளிவந்து, 2015-இல் முழு வடிவம் பெற்றது. சிறு வயதில் அவர் வாணவெடிகளில் ஈயக் காகிதப் பொம்மைகளை வைத்துப் பறக்கவிடுவாராம். அந்தப் பொம்மைகளுக்கு இட்ட பெயர்தான் கெர்பல். விளையாட்டில் அவர்கள் பச்சை நிறமும் பெரிய தலையும் உருட்டு விழியுமாக, கெர்பின் என்னும் சிறு கிரகத்தில் வாழ்கிறார்கள். நம் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். கெர்பினுடையது 600 தான். கிரகம் பொம்மைதான். பௌதிகம் மட்டும் நிஜம்.

தொட்டி, எஞ்சின், கூண்டு, பாராசூட் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி ராக்கெட்டை நாமே கட்டவேண்டும். எந்தக் கட்டத்தில் எது பற்ற வேண்டும், எது கழல வேண்டும் என்ற வரிசையையும் நாமே வகுக்க வேண்டும். என் முதல் ராக்கெட்டில், எஞ்சின் பற்றுகிற அதே கட்டத்தில் பாராசூட்டும் விரியும்படி வைத்திருந்தேன். இரண்டாவது, பத்து விநாடி நிமிர்ந்து போய்விட்டுக் குடித்தவனைப் போல் தலைகுப்புறச் சாய்ந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ தான் உண்மையைக் கற்றுக்கொடுத்தது. உயரே போனால் மட்டும் போதாது. கெர்பினின் காற்று மண்டலம் 70 கிலோமீட்டரோடு முடிகிறது. அதற்கும் மேலே, விநாடிக்கு 2,200 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பக்கவாட்டில் ஓடினால்தான், விழுந்துகொண்டே தரையைத் தொடாமல் சுற்றி வரலாம். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தும் மண்டையில் ஏறாத விஷயம், ஒரே இரவில் விரல் வழியாக ஏறிற்று.

ஒவ்வொரு முறை ராக்கெட் சிதறும்போதும் திரையில் ஒரு சலுகை வரும். புறப்பட்ட கணத்துக்கே திரும்பிப் போகலாம். கட்டுகிற கொட்டகைக்கே போய்க் குறையைச் சரிசெய்யலாம். போதாததற்கு எஃப்-5 என்ற விசையை அழுத்தினால் அந்தக் கணம் அப்படியே பத்திரமாகும். பிறகு எது நேர்ந்தாலும், எஃப்-9-ஐ அழுத்தினால் மறுபடியும் அந்தக் கணத்தில் நிற்கலாம். நேர்ந்தது நேரவில்லை, செத்தவன் சாகவில்லை.

இந்தச் சலுகையை நான் குறை சொல்ல வரவில்லை. பலகையில் எழுதி எழுதி அழிக்காத குழந்தைக்கு எழுத்து வருமா? நிஜமான ராக்கெட் நிபுணர்கள்கூட எஞ்சினைத் தரையில் கட்டிவைத்துத்தான் முதலில் எரித்துப் பார்க்கிறார்கள். விமானிகள் போலி விமானத்தில் நூறு முறை விழுந்த பிறகுதான் நிஜ விமானத்தில் ஏறுகிறார்கள். கற்கிறவனுக்கு அழிப்பான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ஜெபடையா, பில், பாப் என்ற மூவரைக் கெர்பினின் நிலாவில் இறக்கிவிட்டேன். அங்கே காற்று கிடையாது; பாராசூட்டால் பயனில்லை; எஞ்சினை எரித்து எரித்துத்தான் இறங்க வேண்டும். நான் பயந்து பயந்து எரித்ததில் எரிபொருள் கரைந்துவிட்டது. மறுபடி மேலே கிளம்பி நிலாவைச் சுற்றும் பாதையை எட்டியபோது தொட்டி காலி. வீடு திரும்ப இன்னும் விநாடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் வேகம் வேண்டும். அந்த 300-க்குத்தான் எரிபொருள் இல்லை. திரையின் மூலையில் மூன்று முகங்கள் தெரிந்தன. ஜெபடையா எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். பாப் பயந்த முகத்தோடு இருந்தான்.

"மாமா, எஃப்-9-ஐ அழுத்துங்க. இறங்கறதுக்கு முன்னாடி போயிடலாம்" என்றான் பையன்.

"இவங்களை என்ன பண்றது?"

"எவங்களை? அழுத்தினா இவங்களே இருக்க மாட்டாங்களே! அப்புறம் என்ன?"

அவன் சொன்னதில் பிசகே இல்லை. இருந்தும் என் விரல் போகவில்லை. "இரு, இன்னொரு ராக்கெட் அனுப்பி அழைச்சிட்டு வந்திடலாம்" என்றேன். பையன் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். இந்த விளையாட்டில் பசி கிடையாது, மூச்சு முட்டாது. எத்தனை வருஷமானாலும் அவர்கள் சுற்றிக்கொண்டே காத்திருப்பார்கள்.

மீட்புக்கு எனக்கு ஒன்பது இரவுகள் பிடித்தன. வாலன்டினா என்ற பெண் விமானியை அனுப்பினேன். அவளுடைய கப்பலும் அவர்களுடைய கப்பலும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாகச் சுற்றின. எட்டிப் பிடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். இடைவெளி இன்னும் அதிகமாயிற்று! வேகம் கூடினால் பாதை உயர்கிறது, சுற்று நீள்கிறது, நாம் பின்தங்குகிறோம். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். தாழ்ந்த சுற்று சீக்கிரம் முடியும். இதைக் கற்றுக்கொண்டு, ஒருவழியாக இரண்டு கப்பல்களையும் அருகருகே நிறுத்தினேன். பில் மிதந்து வந்து ஏறினான், பாப் ஏறினான். ஜெபடையாவுக்கு இடமில்லை. மூன்று இருக்கை உள்ள கூண்டை அனுப்பிய நான், அதில் ஒன்றில் வாலன்டினா உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டேன். காப்பாற்றப் போகிறவன் காலி இடத்தோடு போக வேண்டும் என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஜெபடையாவை மட்டும் விட்டுவிட்டு வந்து, பிறகு ஆளில்லாத கப்பல் ஒன்றை அனுப்பி, அவனையும் கொண்டுவந்து சேர்த்தேன்.

சில வர்ணப் புள்ளிகளுக்காக ஒன்பது இரவுகளா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் இல்லாதவர்கள், இல்லாதவர்களுக்கு நான் கடன்பட முடியாது. ஆனால் அனுப்பியவன் இருக்கிறானே! திரும்பி வரும் வழியை எண்ணாமல் மூவரை ஏற்றி அனுப்பியவன் நான். எஃப்-9 அவர்களை இல்லாமல் ஆக்கும். என்னை இல்லாமல் ஆக்காது. அந்த விசையை அழுத்துகிறவன் தன் தவற்றை அழிப்பதில்லை. தவற்றுக்கு இருந்த சாட்சியை அழிக்கிறான்.

நிஜ வானத்தில் அந்த விசை இருந்ததில்லை. 1957 நவம்பர் 3 அன்று ரஷ்யர்கள் லைகா என்ற நாயை ஸ்புட்னிக்-2-இல் ஏற்றி அனுப்பினார்கள். அது மாஸ்கோவின் தெருவில் திரிந்த நாய். திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடே அந்தக் கலத்தில் இல்லை. கிளம்பிய சில மணி நேரத்தில் வெப்பம் தாங்காமல் அது செத்துப்போயிற்று என்பது 2002-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த முயற்சியில் பங்குகொண்ட விஞ்ஞானி ஒலெக் கசென்கோ 1998-இல், அந்த நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்குத் தாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லி வருந்தினார். நாற்பது வருஷம் கழிந்த வருத்தம். நாய்க்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வருத்தம் அவசியமில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் ஓடம் கிளம்பி 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். குளிரில் ரப்பர் வளையம் விறைத்துப்போகும், அனுப்பாதீர்கள் என்று பொறியாளர்கள் முந்தின இரவே மன்றாடினார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. பிறகு அந்த மூட்டையே மாற்றி அமைத்து, 1988 செப்டம்பர் 29 அன்றுதான் அடுத்த ஓடம் கிளம்பிற்று. அந்த உழைப்பு ஏழு பேரில் ஒருவரையும் திருப்பித் தரவில்லை. பரிகாரத்தின் குணமே அதுதான். போனது போனபடி இருக்க, அதன் பக்கத்தில் நின்று வேலை செய்வது அது.

அன்று இரவு என் விரல் ஏன் போகவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். காரணம் ராக்கெட்டில் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஓர் இளைஞன் தன் கதைகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அன்று எனக்கு என்ன எரிச்சலோ, நாலு பக்கம் புரட்டிவிட்டு, "உனக்கு எழுத்து வராது தம்பி, வேறே வேலை பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். பாத்திரக்கடை வைத்திருக்கிறான். "அன்னிக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார்" என்று சிரித்தான். அதற்குப் பிறகு எழுதவே இல்லையாம். அந்தச் சிரிப்பு நிஜந்தானா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அழிப்பான் கைவசம் உண்டு. அத்தியாயத்தைக் கிழிக்கலாம், செத்தவனைப் பிழைக்க வைக்கலாம். அந்தப் பழக்கத்தில், வாயால் சொன்னதற்கும் அழிப்பான் இருக்கிறது என்று என் கை நம்பிக்கொண்டிருந்தது போலும்.

ஜெபடையா திரும்பி வந்த மறுநாள் அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதினேன். அன்று எனக்கு இருந்த தொல்லைகள், என் மனநிலை, பிறகு நான் பட்ட வேதனை எல்லாம் அதில் இருந்தன. படித்துப் பார்த்தால் கூண்டு முழுவதும் நானே உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்கு இடமே இல்லை! கிழித்துப் போட்டுவிட்டு நாலு வரி எழுதினேன். "அன்று உங்கள் கதைகளை நான் படிக்கவே இல்லை. படிக்காமல் சொன்னேன். அது தவறு. அவை இருந்தால் அனுப்புங்கள், படிக்கிறேன்."

பதில் வந்தது. கதைகளை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டானாம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், என்னவோ எழுதுகிறாள், அனுப்பலாமா என்று கேட்டிருந்தான்.

அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதனால் கணக்குச் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. மகளின் கதையைப் படிப்பது தகப்பனின் கதையைப் படித்ததாகாது. பையன் அடுத்த விடுமுறைக்கு வந்தால், எஃப்-9 தப்பு என்று அவனிடம் சொல்லப்போவதும் இல்லை. கற்கிற வயசு, அழித்து அழித்து எழுதட்டும். இன்னொரு ராக்கெட் கட்டுவதற்கும் பழகிக்கொள் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதில் ஓர் இருக்கையையாவது காலியாக விடவும் பழகிக்கொள்ள வேண்டும்.