மலையில் போடும் கூடாரம்

மலையில் பெற்ற அமைதி அடிவாரத்திலேயே கரைந்துபோகுமாயின், அதனை ஆன்மிகப் புத்துயிர் என்று அழைத்தல் தகுமா? கேமரன் மலையில் நடைபெற்ற கிறிஸ்தவ முகாம் ஒன்றில் மூன்று நாள் தங்கித் திரும்பியது முதல் இக்கேள்வி என்னை விட்டபாடில்லை.

முகாம் கூட்டம் கிறிஸ்தவ உலகுக்குப் புதியதன்று. 1801இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கேன் ரிட்ஜில் பல்லாயிரவர் நாள்கணக்கில் கூடித் தங்கி இறைவனை வேண்டினர். அம்மரபைப் பேணி வளர்த்தோருள் மெதடிஸ்டுகள் முதன்மையானவர்கள். அவர்கள் சிங்கப்பூரில் பணி தொடங்கியது 1885இல். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மலைத்தொடரில் ஏறித் தம் பெயர் பெறவிருந்த மேட்டுநிலத்தைக் கண்டதும் அதே ஆண்டில்தான்.

தானா ராத்தாவின் குளிரில், விடியற்காலையில் தனித்தனியே அமர்ந்து தியானிக்குமாறு எங்களைப் பணித்தனர். பனி விலக விலக எதிர்ச்சரிவில் தேயிலைச் செடிகள் தெரிந்தன. தந்தையார் விட்டுச் சென்ற வீட்டின் பொருட்டு என் அண்ணனோடு நான்காண்டுகள் பேசாதிருந்தவன் நான். அன்று அந்தக் கடினம் நெஞ்சிலிருந்து இறங்கியது. அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

நல்ல உறக்கமும் தூய காற்றும் கிடைத்தால் எவருக்கும் மனம் இளகும், அதற்குக் கடவுள் எதற்கு என்றார் உடன் பணியாற்றும் நண்பர். அவர் கூற்றில் பாதி உண்மை. விவிலியத்தில் எலியா சோர்ந்து சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டியபோது, அவருக்கு அறிவுரை வரவில்லை. உறக்கமும் அப்பமும் நீரும் வந்தன. உடலின் இளைப்பாறலை ஆன்மாவுக்குப் பகையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஓரேப் மலையை அடைந்தவரிடம் இறைவன் கேட்டது, இங்கே உனக்கு என்ன வேலை என்பதே. வந்த வழியே திரும்பிச் செல்லுமாறும் பணித்தார். பேதுருவும் மலைமேல் மூன்று கூடாரங்கள் போட விரும்பினார். இறங்கி வந்தபோது, நோயுற்ற மகனோடு தகப்பன் ஒருவன் கீழே காத்திருந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கை என்று நான் வியந்த பசுமை, 1929 முதல் காடு திருத்தித் தோட்டம் போட்டதால் உண்டானது. அதில் உழைத்தோருள் தமிழர் பலர். இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் அங்கு உழைக்கின்றனர். நான் கண்மூடி அமர்ந்த வேளையில் ஒருவர் கத்தரியோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கு அம்மலை அன்றாடக் கூலி. மலைக்கே புதுப்பிக்கும் ஆற்றல் இருக்குமாயின், நாள்தோறும் அதில் ஏறுபவர் அன்றோ எல்லாரினும் புதியவராய் இருத்தல் வேண்டும்? என்னை இளக்கியது, என் வழக்கமான எண்ணங்களிலிருந்து கிடைத்த மூன்று நாள் தொலைவு என்றே இப்போது கருதுகிறேன். அத்தொலைவைக் கடவுள் பயன்படுத்தினார் என்பது என் நம்பிக்கை. நண்பரிடம் அதனை என்னால் நிறுவ இயலவில்லை.

வளைந்து வளைந்து பேருந்து இறங்கியது. தாப்பாவின் வெக்கை முகத்தில் பட்டதும் மனம் மீண்டும் அண்ணனின் குற்றங்களை எண்ணத் தொடங்கிற்று. மூன்று வாரங்கள் ஏதேதோ காரணம் சொல்லிக் கடத்தினேன். பிறகு ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். வாயிலில் நின்றபோது மலையின் அமைதி என்னிடம் சிறிதும் இல்லை. அஃது ஒருகால் இருந்தது என்னும் நினைவு மட்டும் இருந்தது. கதவைத் தட்ட அது போதுமானதாயிற்று.

அண்ணி திறந்தார். அண்ணன் நாளிதழிலிருந்து தலை நிமிரவில்லை. சிறிது நேரங்கழித்து, எனக்குத் தேநீரில் சர்க்கரை குறைவாகப் போடும்படி அண்ணியிடம் சொன்னார்.